ஈஆர்பி மென்பொருளுக்கு மாறுவது எப்படி: பொருள் பட்டியல் முதல் முதல் மாத முடிவு வரை

விற்பனைப் பிரிவு ஓர் எக்செல் கோப்பையும், கிடங்கு ஒரு பதிவேட்டையும், உற்பத்திப் பிரிவு தன் சொந்தக் குறிப்புகளையும், கணக்குப் பிரிவு தனியாக ஒரு கணக்கு மென்பொருளையும் வைத்துக்கொண்டு இயங்கும் நிறுவனத்தில், ஒரு பொருள் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று கேட்டால் நான்கு விதமான விடைகள் கிடைக்கும். இந்த நான்கையும் ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுவந்து, ஒரு பிரிவில் போடப்படும் பதிவு மற்றப் பிரிவுகளின் கணக்கிலும் தானாக ஏறும்படி செய்வதே ஈஆர்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருளின் வேலை. நடுத்தர அளவிலான உற்பத்தி நிறுவனத்திலோ வணிக நிறுவனத்திலோ இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தும் பொறுப்பு ஏற்றிருப்பவர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எந்த மென்பொருளை வாங்குவது என்ற கேள்விக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் இடத்தை நான் இங்கே கொடுக்கவில்லை. வாங்கிய மென்பொருள் பயன்படுமா, படாதா என்பது பெரும்பாலும் அதற்குள் ஏற்றப்படும் தரவிலும், பொருள் நகரும் நேரத்திலேயே பதிவு போடும் பழக்கத்திலும் முடிவாகிவிடுகிறது. எனவே அந்த இரண்டையும் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

உள்ளே நடப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

1960களில் ஜோசப் ஆர்லிக்கி போன்றவர்கள் உருவாக்கிய எம்ஆர்பி எனப்படும் மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் முறையே இந்த மென்பொருள்களுக்கு அடிப்படை. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தத் தேதியில் வேண்டும் என்று கணிப்பொறி மூலம் கணக்கிடுவதே அப்போதைய நோக்கம். பின்னர் எந்திரங்களின் உற்பத்தித் திறனும் நிதிக் கணக்கும் அதனுடன் சேர்க்கப்பட்டன. மனிதவளம், கொள்முதல், விற்பனை என்று முழு நிறுவனமும் அதற்குள் வந்தபிறகு, 1990இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இதற்கு ஈஆர்பி என்று பெயர் வைத்தது. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பொருளின் நகர்வையும் பணத்தின் நகர்வையும் ஒரே பதிவில் பிணைப்பதுதான் இந்த மென்பொருள்களின் உயிர்நாடி. அந்தப் பிணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் திட்டத்தை நடத்துபவர், ஒவ்வொரு முடிவுக்கும் ஆலோசகரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஒரு கொள்முதலை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ மூலப்பொருளைக் கிலோவுக்கு 80 வீதம் வாங்கக் கொள்முதல் ஆணை போடப்படுகிறது. இது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. பேரேட்டில் எந்தப் பதிவும் ஏறாது. சரக்கு வந்து இறங்கியதும் கிடங்கு ஊழியர் சரக்கு வரவுக் குறிப்பைப் பதிகிறார். அந்தக் கணத்தில் இருப்பு 100 கிலோ உயர்வதோடு, பேரேட்டில் இருப்புக் கணக்கில் 8,000 பற்றும், சரக்கு வந்து பில் வராத நிலையைக் குறிக்கும் இடைக்கணக்கில் 8,000 வரவும் எழுதப்படுகின்றன. பிறகு வழங்குநரின் பில் வருகிறது. கணக்குப் பிரிவு அதைப் பதியும்போது கொள்முதல் ஆணை, சரக்கு வரவுக் குறிப்பு, பில் ஆகிய மூன்றையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அளவும் விலையும் ஒத்துப்போனால் இடைக்கணக்கில் இருந்த 8,000 நேராகி, வழங்குநரின் பெயரில் நிலுவையாக நிற்கிறது. பில்லில் விலை 82 என்று இருந்தால் 200 வித்தியாசம் வருகிறது. அதைப் பொருளின் மதிப்பில் சேர்ப்பதா, விலை வேறுபாட்டுக் கணக்கில் போடுவதா என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த இருப்பு மதிப்பீட்டு முறையைப் பொறுத்தது. சராசரி விலை முறையில், சரக்கு இன்னும் கையிருப்பில் இருக்கும்வரை அது பொருளின் மதிப்பில் சேரும். நிலையான விலை முறையில் வேறுபாட்டுக் கணக்குக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, பேரேட்டில் முதல் பதிவைப் போட்டவர் கணக்காளர் அல்லர், கிடங்கு ஊழியர் என்பதுதான். அவர் அந்தக் குறிப்பைப் பதிய மூன்று நாள் தாமதித்தால், அந்த மூன்று நாளும் நிறுவனத்தின் சொத்துக் கணக்கும் கடன் கணக்கும் தவறாக இருக்கும். விற்பனைப் பிரிவு இருக்கும் சரக்கை இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லும். கொள்முதல் பிரிவு வந்து சேர்ந்துவிட்ட சரக்குக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கும். ஈஆர்பி திட்டத்தில் கிடங்கு ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பையும் பயிற்சியையும் நிறுவனங்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. கணக்குப் பிரிவுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் கிடங்குக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

குழுவும் நடைமுறையும்

திட்டத்துக்குப் பொறுப்பானவர் நிறுவனத்துக்குள் இருந்தே வர வேண்டும். அவருடைய அன்றாட வேலையில் பாதியையாவது வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தபிறகே அவரை நியமிக்க வேண்டும். ஏற்கெனவே முழு நேர வேலை இருப்பவரிடம் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் திட்டம் இரவு நேர வேலையாகிவிடும். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரை முதன்மைப் பயனராகத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பிரிவு விட்டுக்கொடுக்க முடியாது என்று தயங்கும் ஆளே பெரும்பாலும் அதற்குச் சரியான ஆள். நேரம் மிச்சமாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை அனுப்பி வைத்தால், அவருக்குப் பிரிவின் வேலை நுணுக்கம் தெரியாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

குழு அமைந்ததும் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டரை, அது வந்த நிமிடத்திலிருந்து பணம் வங்கியில் சேரும்வரை, காகிதம் காகிதமாகப் பின்தொடர்ந்து எழுதுங்கள். யார் கையெழுத்திடுகிறார், எதற்காக இடுகிறார், அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள். என்றோ ஒரு காலத்தில் நடந்த பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்டு, காரணம் மறந்துபோன பிறகும் தொடரும் ஒப்புதல்கள் இப்போதுதான் வெளிப்படும். அவற்றை இங்கேயே நீக்கிவிடுங்கள். மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டால் பிறகு நீக்குவது கடினம். இதே முறையில் ஒரு கொள்முதலையும், ஓர் உற்பத்தி ஆணையையும், ஒரு சரக்குத் திருப்பலையும் எழுதி முடித்தால் உங்கள் தேவைப் பட்டியல் ஏறக்குறைய தயாராகிவிடும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

எஸ்ஏபி, ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் போன்ற உரிமக் கட்டண மென்பொருள்களும், ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறமூல அடிப்படையிலான மென்பொருள்களும் சந்தையில் உள்ளன. உங்கள் துறையில் உங்கள் அளவில் உள்ள நிறுவனங்களில் அதை நிறுவி அனுபவம் பெற்ற செயல்படுத்துநர் கிடைக்கிறாரா என்பதை, மென்பொருளின் வசதிப் பட்டியலைவிட முக்கியமாகக் கருதுங்கள். விற்பனையாளரின் மாதிரித் தரவை வைத்துக் காட்டப்படும் செயல்விளக்கத்தை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். உங்களுடைய இருபது பொருள்களையும், உங்களுக்கு வழக்கமாகத் தலைவலி தரும் மூன்று ஆர்டர்களையும் கொடுத்து, அவற்றை உங்கள் முன்னிலையில் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். உரிமக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், செயல்படுத்தும் செலவு, பயிற்சி, தரவு ஏற்றம், ஆண்டுப் பராமரிப்பு, உங்கள் ஆட்கள் செலவிடும் நேரம் ஆகிய அனைத்தையும் ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

தேர்வின்போது எழும் மிகப் பெரிய கேள்வி, மென்பொருளை நம் நடைமுறைக்கு ஏற்ப மாற்றுவதா, நம் நடைமுறையை மென்பொருளுக்கு ஏற்ப மாற்றுவதா என்பது. ஜெர்மனியைச் சேர்ந்த லிடில் சில்லறை வணிக நிறுவனம், ஏழு ஆண்டுகள் உழைத்து, செய்திகளின்படி சுமார் 50 கோடி யூரோ செலவிட்ட தன் எஸ்ஏபி திட்டத்தை 2018இல் கைவிட்டது. தரப்படுத்தப்பட்ட மென்பொருள் சில்லறை விற்பனை விலையில் இருப்பை மதிப்பிட, லிடில் தான் வழக்கமாகப் பின்பற்றிய கொள்முதல் விலை மதிப்பீட்டை மாற்ற விரும்பாததால் மென்பொருளையே ஆழமாக மாற்ற நேர்ந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சந்தையில் உங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தும் நடைமுறை எதுவோ, சட்டம் கட்டாயமாக்கும் நடைமுறை எதுவோ, அவற்றுக்கு மட்டும் மென்பொருளில் மாற்றம் செய்யுங்கள். அறிக்கையின் வடிவம் பழையதைப் போல இருக்க வேண்டும், திரையில் பெட்டிகள் பழக்கப்பட்ட வரிசையில் வர வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் நிரல் எழுதச் சொல்வது, ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் திரும்பத் திரும்பச் செலவு வைக்கும்.

முதன்மைத் தரவு

பெரும்பாலான திட்டங்கள் தடுமாறும் இடம் இதுதான். பொருள்கள், வாடிக்கையாளர்கள், வழங்குநர்கள், ஒவ்வொரு பொருளிலும் சேரும் பாகங்களைக் காட்டும் உறுப்புப் பட்டியல்கள், கணக்குத் தலைப்புகள் ஆகிய நிலையான தகவல்களை முதன்மைத் தரவு என்கிறோம். இதைச் சீரமைக்கும் வேலையை மென்பொருள் வாங்கும் முன்பே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். எக்செல் போதும்.

பொருள் பட்டியலில் முதலில் தேட வேண்டியது இரட்டிப்புகளை. ஒரே போல்ட், ஒரு வரியில் "எம்8 போல்ட் 40" என்றும், மற்றொரு வரியில் "போல்ட் 8 × 40 மிமீ" என்றும், மூன்றாவது வரியில் வழங்குநரின் பெயரோடும் இருக்கும். மூன்று குறியீடுகளில் மூன்று இருப்புகள் நிற்கும். ஒன்றில் தீர்ந்துவிட்டது என்று புதிதாக வாங்கும்போது மற்ற இரண்டில் சரக்கு தூங்கிக்கொண்டிருக்கும். இதைத் தீர்க்கப் பெயரிடும் முறையை முதலில் எழுதுங்கள்: பொருளின் வகைப்பெயர் முதலில், பிறகு அளவு, பிறகு தரம், இறுதியில் மேற்பூச்சு, எல்லாப் பொருள்களுக்கும் இதே வரிசை. முழுப் பட்டியலையும் அந்த முறையில் திருத்தி எழுதி அகரவரிசைப்படுத்தினால் இரட்டிப்புகள் அடுத்தடுத்த வரிகளில் வந்து நிற்கும். இரண்டு ஆண்டுகளாக ஒருமுறையேனும் நகராத, இருப்பும் இல்லாத பொருள்களைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய கோப்பில் அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

குறியீட்டு எண்ணிலேயே எல்லாத் தகவலையும் திணிக்கும் ஆசை பலருக்கு உண்டு: முதல் இரண்டு எழுத்து வகை, அடுத்த மூன்று அளவு, அடுத்தது நிறம், அடுத்தது வழங்குநர் என்று. பத்தாவது நிறம் வரும்போது ஓர் இலக்கத்துக்குள் இடம் இருக்காது. வழங்குநர் மாறினால் குறியீடே பொய்யாகிவிடும். வகையைக் காட்டும் ஒரு சிறு முன்னொட்டும் அதன் பின்னால் வரிசை எண்ணும் போதுமானவை. நிறம், அளவு, வழங்குநர் ஆகியவற்றுக்கு மென்பொருளில் தனித் தனிப் புலங்கள் இருக்கின்றன. தேடுவதற்கும் பிரிப்பதற்கும் அவையே ஏற்றவை.

அடுத்தது அளவை அலகு. இதில் ஏற்படும் பிழை, பிறகு எத்தனை அறிக்கைகளைப் புரட்டினாலும் எளிதில் அகப்படாது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வழங்குநர் அதை எடை போட்டு விற்கிறார். உற்பத்திப் பிரிவு மீட்டரில் வெட்டிப் பயன்படுத்துகிறது. கிடங்கில் கம்பிகளை எண்ணி அடுக்குகிறார்கள். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் கிடைக்கும் 2.47 கிலோதான் ஒரு மீட்டரின் எடை. ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 14.8 கிலோ வரும். ஒரு டன் வாங்கினால் சுமார் 405 மீட்டர் கிடைக்கும். இந்த மாற்று விகிதத்தைப் பொருள் பதிவில் ஒருமுறை சரியாக ஏற்றிவிட்டால் மூவரும் தத்தம் அலகிலேயே பேசலாம், மென்பொருள் மாற்றிக்கொள்ளும். ஏற்றாமல் விட்டால், உற்பத்திப் பிரிவு 12 மீட்டர் எடுத்ததை யாரோ ஒருவர் 12 என்று மட்டும் பதிவார். மென்பொருள் 12 கிலோவைக் கழிக்கும். உண்மையில் போனது ஏறக்குறைய 30 கிலோ. ஒரு மாதத்துக்குப் பிறகு திரையில் சரக்கு நிறைய இருக்கும், அடுக்கில் இருக்காது. இருப்பை எந்த அலகில் வைப்பது என்பதைப் பொருளுக்குப் பொருள் முடிவு செய்யுங்கள். எண்ணிப் பார்ப்பவருக்கு எது எளிதோ அந்த அலகைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நன்மை தரும். பதிவுகள் ஏறத் தொடங்கியபின் அடிப்படை அலகை மாற்றப் பெரும்பாலான மென்பொருள்கள் அனுமதிப்பதில்லை என்பதால் இந்த முடிவில் அவசரம் கூடாது.

பிஓஎம் என்று தொழிற்சாலைகளில் சொல்லப்படும் உறுப்புப் பட்டியலை வடிவமைப்புப் பிரிவின் வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்து ஏற்றிவிடக் கூடாது. அச்சிட்ட பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பொருத்தும் மேசைக்குப் போய், ஒரு பொருள் முழுதாகப் பொருத்தி முடிக்கப்படும்வரை அருகில் நின்று ஒப்பிடுங்கள். வரைபடத்தில் நான்கு திருகு என்று இருக்கும். அதிர்வு தாங்கவில்லை என்று தொழிலாளர்கள் ஆறு போட்டுக்கொண்டிருப்பார்கள். பசை, நாடா, அட்டைப்பெட்டி, ஒட்டும் சீட்டு ஆகியவை வரைபடத்தில் இருக்கவே மாட்டா; ஆனால் சீட்டு தீர்ந்துபோனால் சரக்கு வெளியே போகாது. வெட்டும்போது வீணாகும் அளவையும் விழுக்காடாகச் சேர்க்க வேண்டும். பொருத்துபவர்களிடம் பேசாமல் தயாரித்த உறுப்புப் பட்டியலை நான் நம்புவதில்லை.

வழங்குநர், வாடிக்கையாளர் பட்டியல்களிலும் இரட்டிப்புகளை நீக்குங்கள். வரிப் பதிவு எண்ணை அடிப்படையாக வைத்துத் தேடினால் அவை விரைவில் அகப்படும். சீரமைப்பு முடிந்ததும் ஒவ்வொரு பட்டியலுக்கும் பெயர் சொல்லி ஓர் உரிமையாளரை நியமியுங்கள். புதிய பொருளையோ வழங்குநரையோ உருவாக்கும் உரிமை அவருக்கு மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் கோரிக்கை அனுப்பட்டும். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், இத்தனை உழைப்பில் சுத்தமாக்கிய பட்டியல் ஓராண்டுக்குள் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

அமைப்புகளும் உரிமைகளும்

இந்த வேலையைச் செயல்படுத்துநர் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார். இரண்டு முடிவுகளை மட்டும் நீங்கள் எடுங்கள். முதலாவது, இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக அனுமதிக்கும் வசதியை அணைத்து வையுங்கள். வரவைப் பதியாமலே சரக்கை வெளியே அனுப்ப அந்த வசதி இடம் கொடுக்கும். தொடக்கத்தில் வேலை ஓடுவது போலத் தெரிந்தாலும், பொருளின் சராசரி விலையும் லாபக் கணக்கும் கோணிப்போகும். இரண்டாவது, வழங்குநரைப் புதிதாக உருவாக்குபவரும், பில்லைப் பதிபவரும், பணம் செலுத்த ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இல்லாத வழங்குநரின் பெயரில் பணம் வெளியேறுவதைத் தடுக்கும் எளிய வழி இதுவே. ஆள் பற்றாக்குறை உள்ள சிறிய நிறுவனத்திலும் குறைந்தது இரண்டு பேராக இதைப் பிரிக்க முடியும்.

சோதனையும் பயிற்சியும்

எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஆர்டரை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போடக் கூடாது. நூறு கேட்டு எழுபது வந்த சரக்கு, உடைந்து திரும்பிய சரக்கு, பில் போட்டபிறகு விலை குறைக்கப்பட்ட விற்பனை, முன்பணம் வாங்கியபின் ரத்தான ஆர்டர், பாதி உற்பத்தியில் மாற்றப்பட்ட உறுப்பு, மாதக் கடைசி நாளில் சரக்கு வந்து அடுத்த மாதம் பில் வருவது ஆகிய இவற்றை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் இருப்பு என்ன ஆனது, பேரேட்டில் என்ன ஏறியது என்று முதன்மைப் பயனரும் கணக்காளரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவருக்குச் சரியாகத் தெரிவது மற்றவருக்குத் தவறாக இருப்பது வெளியே வராது.

பயிற்சியை முதன்மைப் பயனர்களே தத்தம் பிரிவுக்கு நடத்தட்டும். ஆலோசகர் மென்பொருளின் மொழியில் பேசுவார். சக ஊழியர் வேலையின் மொழியில் பேசுவார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு, இந்தப் பதிவைத் தாமதித்தால் யாருடைய வேலை கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்சிக்கும் பயன்பாட்டுக்கும் இடையே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் கற்றது மறந்துவிடும்.

மாறும் நாள்

பழைய முறையை விட்டுப் புதிய மென்பொருளில் உண்மையான வேலையைத் தொடங்கும் நாளை, வணிகம் மந்தமாக இருக்கும் பருவத்தில், கணக்கு மாதத்தின் தொடக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவின் ஹெர்ஷி இனிப்பு நிறுவனம் எஸ்ஏபியின் ஆர்/3 மென்பொருளையும், அதனோடு வேறு இரு நிறுவனங்களின் மென்பொருள்களையும் ஒரே நேரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1999 ஜூலையில். அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியத் தொடங்கும் காலம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அந்நிறுவனத்தால் நிறைவேற்ற முடியாமல் போனது. மென்பொருள் கெட்டது என்பதைவிட, தயாரிப்புக் காலத்தைச் சுருக்கியதும் நாளைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததுமே அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணங்கள்.

பழைய முறையையும் புதிய மென்பொருளையும் சில மாதம் சேர்த்து நடத்துவது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. ஒரே பதிவை இரண்டு இடத்தில் போட நேர்ந்தால், வேலைச்சுமை ஏறிய நாளில் ஊழியர்கள் பழகிய பழைய முறையையே முதலில் முடிப்பார்கள்; புதியது பின்தங்கும்; பிறகு இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மென்பொருளைக் குறை சொல்வார்கள். அதற்குப் பதிலாக, மாறும் நாளில் செய்ய வேண்டிய அனைத்தையும் ஒரு சோதனைப் பிரதியில் முன்கூட்டியே இரண்டு முறையாவது முழுமையாக ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்து வைத்தால், வார இறுதி விடுமுறைக்குள் வேலை முடியுமா என்பது முன்னதாகவே தெரிந்துவிடும்.

மாறும் நாளின் வரிசை இப்படி இருக்கட்டும். முந்தைய நாள் மாலையில் கிடங்கின் வரவு செலவை நிறுத்துங்கள். இருப்பு முழுவதையும் நேரில் எண்ணுங்கள். எண்ணுபவரின் தாளில் பழைய கணக்கின் எண்ணிக்கை அச்சாகியிருக்கக் கூடாது, இருந்தால் கண் அதையே தேடும். உற்பத்தித் தளத்தில் பாதி வேலை முடிந்த பொருள்களை எண்ண மறந்துவிடுவது வழக்கம் என்பதால் அவற்றுக்குத் தனியாக ஓர் ஆளைப் போடுங்கள். பிறகு எண்ணிய இருப்பையும், பில் வாரியாக வாடிக்கையாளர் நிலுவையையும் வழங்குநர் நிலுவையையும், வங்கி இருப்பையும், மற்றக் கணக்குகளின் மீதியையும் ஏற்றுங்கள். நிலுவையை ஒரே மொத்தத் தொகையாக ஏற்றினால் எந்த பில்லுக்குப் பணம் வந்தது என்று பிறகு பொருத்த முடியாது. இன்னும் சரக்கு வராத கொள்முதல் ஆணைகளையும் இன்னும் அனுப்பப்படாத விற்பனை ஆர்டர்களையும், மீதமுள்ள அளவுக்கு மட்டும், ஏற்றுங்கள்.

இந்தத் தொடக்கப் பதிவுகள் அனைத்துக்கும் எதிர்ப்பதிவாக ஒரு தற்காலிகக் கணக்கு பயன்படுத்தப்படும். எல்லாம் ஏறி முடிந்தபின் அதன் மீதி பூஜ்யமாக இருக்க வேண்டும். எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் காட்டும் இருப்பாய்வு, பழையதும் புதியதும் வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும். சிறிய தொகைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சிறிய வித்தியாசம் என்பது பற்றிலும் வரவிலும் விழுந்த இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று மறைத்ததாக இருக்கலாம். அது தீர்ந்தபிறகே முதல் உண்மையான பதிவைப் போட அனுமதியுங்கள். பழைய மென்பொருளில் அன்று முதல் பார்க்கும் உரிமை மட்டும் இருக்கட்டும், பதியும் உரிமை வேண்டாம்.

முதல் மாதம்

முதல் இரண்டு வாரமும் முதன்மைப் பயனர்கள் தங்கள் நாற்காலியில் உட்காராமல் பிரிவுகளுக்குள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். யாரேனும் தன் மேசையில் ரகசியமாக ஓர் எக்செல் கோப்பை மீண்டும் தொடங்கியிருந்தால் கண்டிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் மென்பொருளிலிருந்து அவருக்குக் கிடைக்காத ஏதோ ஒரு தகவல் அதில் இருக்கும். அந்த அறிக்கையை மென்பொருளில் அமைத்துக் கொடுத்துவிட்டால் கோப்பு தானாக நின்றுவிடும்.

நாள்தோறும் மாலையில் கிடங்கில் சில பொருள்களை எண்ணித் திரையோடு ஒப்பிடும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள். மதிப்பு மிகுந்த சில பொருள்களை மாதம் ஒருமுறையும், நடுத்தர மதிப்புள்ளவற்றைக் காலாண்டுக்கு ஒருமுறையும், மற்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும் எண்ணுவதாக அட்டவணை போட்டுக்கொள்ளலாம். வித்தியாசம் வந்தால் இருப்பைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடாமல், எந்தப் பதிவு விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று அன்றே தேடுங்கள். ஒரு வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

மாத இறுதியில் சரக்கு வந்து பில் வராத இடைக்கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சரக்கு வந்து முப்பது நாளாகியும் பில் வராத வரிகளுக்கு வழங்குநரிடம் கேளுங்கள். பில் பதிவாகிச் சரக்கு வரவு பதிவாகாத வரிகள் இருந்தால், ஒன்று கிடங்கு பதிய மறந்திருக்கும், அல்லது வராத சரக்குக்குப் பணம் கொடுக்கப்படும் நிலையில் இருக்கும். இரண்டையும் பணம் செலுத்தும் முன் தீர்க்க வேண்டும். இந்த ஒரு கணக்கு சுத்தமாக இருந்தால் கொள்முதல், கிடங்கு, கணக்கு ஆகிய மூன்று பிரிவுகளும் ஒழுங்காகப் பதிகின்றன என்று பொருள். முதல் மாதக் கணக்கை முடிக்க வழக்கத்தைவிட அதிக நாள் ஆகும். மேலாண்மைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூலப்பொருள் தேவையைத் தானாகக் கணக்கிடும் எம்ஆர்பி வசதியை முதல் நாளிலேயே இயக்க வேண்டாம். அது இருப்பையும், உறுப்புப் பட்டியலையும், சரக்கு வந்துசேர ஆகும் நாள்களையும் அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறது. 100 எந்திரங்களுக்கு ஆர்டர் வந்து, கையில் 30உம் உற்பத்தியில் 20உம் இருந்தால், மீதி 50 எந்திரங்களுக்கு, எந்திரத்துக்கு 4 வீதம் 200 திருகு வாங்கச் சொல்லும். தளத்தில் ஆறு போடுகிறார்கள் என்றால் வேண்டியது 300, முப்பத்து நான்காவது எந்திரத்தைத் தொடங்கும்போதே திருகு தீரும் நிலை வந்துவிடும், மீதி 17 எந்திரங்களும் நின்றுவிடும். இருப்புத் துல்லியம் 95 விழுக்காட்டையும் உறுப்புப் பட்டியலின் துல்லியம் 98 விழுக்காட்டையும் தாண்ட வேண்டும் என்பது உற்பத்தித் திட்டமிடல் துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். உங்கள் மாலை நேர எண்ணிக்கை தொடர்ந்து சில வாரம் அந்த எல்லையைத் தொட்டபிறகு, ஒரே ஒரு பொருள் குடும்பத்துக்கு மட்டும் எம்ஆர்பியை ஓட்டி, அது பரிந்துரைக்கும் கொள்முதல்களை அனுபவமுள்ள கொள்முதல் அலுவலர் வரிவரியாகச் சரிபார்க்கட்டும். அவர் திருத்தும் வரிகள் குறைந்து வந்தபிறகு அடுத்த பொருள் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.